தாத்தாவின் துப்பாக்கியில் இருந்த செராமிக் பூச்சை உரித்த கதை

எங்கள் வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கியின் மேல் அடிக்கப்பட்டிருந்த செராமிக் பூச்சை உரித்தெடுக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. கையால் செய்த வேலையை மட்டும் கணக்கிட்டால் ஒரு வாரத்துக்கு மேல் இராது. மீதிக் காலமெல்லாம் அதை யார் உரிப்பது, எதனால் உரிப்பது, உரித்த இரும்பின் மேல் மறுபடி என்ன போடுவது என்ற கேள்விகளிலேயே போயிற்று. நான் இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பதினேழு ஆண்டுகளாகத் தொழிற்சாலைப் பாகங்களுக்குப் பூச்சு அடிக்கும் வேலையில் இருப்பவன். பூச்சு என்றால் எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்த நான், இந்த ஒரு பொருளில் புதிதாகக் கற்றுக்கொண்டவை பல.

ஒடுகத்தூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் எங்கள் நிலம் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் அரை ஏக்கர் மணிலா (வேர்க்கடலை) கொல்லையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும் என்பதால், பயிர்க் காவலுக்கென்று தாத்தா காலத்திலேயே உரிமத்துடன் ஒரு துப்பாக்கி வாங்கப்பட்டது. அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்யப்பட்ட பன்னிரண்டு போர் (bore) என்ற குழல் அளவுள்ள துப்பாக்கி. தாத்தா கைக்கு வரும்போதே பழையது. அதை அவர் சுட்டதைவிடத் துடைத்ததே அதிகம் என்று பாட்டி சொல்வார். தையல் மெஷின் எண்ணெய் தோய்த்த வெள்ளைத் துணியால் மாதம் இருமுறை துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, மரப் பீரோவில் நிறுத்தி வைப்பார். தோலுறையில் மட்டும் ஒருநாளும் வைத்ததில்லை. அந்தக் கட்டுப்பாட்டின் காரணம் அப்போது எங்கள் யாருக்கும் புரியவில்லை.

2019ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் வேலூர்க்காரர்களுக்கு மறக்காது. ஏப்ரல் 18ஆம் தேதி நடக்கவிருந்த வாக்குப்பதிவு எங்கள் தொகுதிக்கு மட்டும் இரண்டு நாள் முன்பு ரத்தாகி, ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் நடந்தது. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது வழக்கம். உரிமம் இப்போது அண்ணன் பெயரில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் ஒப்படைத்தவர், மறுபடியும் தேர்தல் வரத்தானே போகிறது என்று இடையில் எடுக்காமல் விட்டுவிட்டார். ஒப்படைக்கும்போது நாலு பேர் பார்க்கும்படி இருக்கட்டும் என்று, ஆம்பூரில் சொல்லிச் செய்த புதுத் தோலுறையில் போட்டுத்தான் கொடுத்தார். ஐந்து மாதம் கழித்து வாங்கி வந்து உறையைக் கழற்றியபோது, குழலின் மேல் செம்புள்ளிகளாகத் துரு பூத்திருந்தது. வைத்திருந்த இடத்தில் ஈரம் இருந்திருக்கலாம். ஆனால் உறையின் உட்புறத்தைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. குழல் படுத்திருந்த இடம் முழுவதும், குழலின் வடிவத்திலேயே, தோல் கருநீலமாகக் கறுத்திருந்தது.

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த நிறம் பழக்கமானது. ஆவாரம்பட்டையாலோ கடுக்காயாலோ பதனிட்ட தோலில் ஈர இரும்பு பட்டால் அந்த இடம் கறுத்துவிடும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே வினையை நம்பித்தான். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் மிச்சம் நிற்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதை இரும்போடு அணைத்துக் கட்டி ஐந்து மாதம் மூடி வைத்தால் துரு பிடிக்காமல் என்ன செய்யும்? தாத்தாவின் வேட்டித் துணிக்குக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது.

அண்ணனுக்கு மனம் பொறுக்கவில்லை. இனிமேல் துருவே அண்டாத பூச்சாகப் போட்டுவிடலாம் என்று யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு, 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியூரில் ஒரு கடையில் கொடுத்துக் குழல், உடல், விசையைச் சுற்றி வளைந்திருக்கும் விசைக் காப்பு என்று எல்லாவற்றுக்கும் கறுப்புச் செராமிக் பூச்சு அடித்துக்கொண்டு வந்தார். பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. ஒளியை விழுங்கும் மங்கிய கறுப்பு. எந்த நிறுவனத்தின் பூச்சு என்பது ரசீதில் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

செராமிக் என்றதும் பானை ஓடு போன்ற ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பூச்சு அப்படிப்பட்டதல்ல. இது நுண்ணிய செராமிக் துகள்கள் கலந்த பிசின். ஸ்ப்ரே கன்னால் அடித்த பிறகு சூட்டில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மறுபடி கரைக்க முடியாத ஒரே வலையாகிவிடும். துப்பாக்கிகளுக்கென்று உலகெங்கும் அறியப்பட்டிருக்கும் செராகோட் என்ற பூச்சு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தயாராவது. அதில் சூளையில் இறுக்கும் வகைகளில் ஒன்றை ஏறத்தாழ 121 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து இறுக்க வேண்டும். பூச்சின் கனம் 25 மைக்ரானை ஒட்டியே இருக்க வேண்டும், அதாவது தலைமுடியின் பருமனில் பாதிகூட இராது. இவ்வளவு மெல்லிய ஒன்று சிராய்ப்பையும் வியர்வையையும் ரசாயனத்தையும் தாங்குகிறது என்பது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் அது நிற்பது தன் வலிமையால் மட்டுமல்ல. கீழே இருக்கும் இரும்பு எண்ணெய்ப் பிசுக்கில்லாமல், துருவில்லாமல், பிடிமானத்துக்கு ஏற்ற சொரசொரப்போடு இருந்தால்தான் அது நிற்கும்.

2021ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது, இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் மேல்பட்டையின் ஓரமாகப் பூச்சு கொப்புளித்திருந்தது. நகத்தால் தொட்டதும் ஒரு கொப்புளம் உடைந்து, அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஈரம் கசிந்தது. பழைய துருப்புள்ளிகள் இருந்த இடங்களில் பூச்சுக்கு அடியிலேயே துரு புழுப்போல ஊர்ந்து நெளிந்திருந்ததும் தெரிந்தது. வெளியே துருவைத் தடுக்கப் போட்ட பூச்சு, உள்ளே இருந்த துருவை யார் கண்ணிலும் படாமல் காத்து வளர்த்திருக்கிறது.

என் பட்டறையில் கம்ப்ரசர் உண்டு, மணல் வீசும் பிளாஸ்டிங் அறை உண்டு, சூளை உண்டு. ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடக் கூடிய வேலை என்று கை பரபரத்தது. ஆனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். அதைவிட என்னை நிறுத்தியது அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு: துப்பாக்கியில் பொறித்திருக்கும் பெயரையோ எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். பழைய துப்பாக்கியின் எண் ஆழமாக வெட்டப்பட்டிருக்காது. பல ஆண்டு துடைப்பில் தேய்ந்து, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். அதன் மேல் அலுமினியம் ஆக்சைடு மணலை வீசினால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அண்ணன், உரிமத்தோடும் துப்பாக்கியோடும் சென்னையில் உரிமம் பெற்ற ஒரு பழுதுப் பட்டறைக்குப் போனார். நான் உடன் போனேன்.

அந்தப் பட்டறைக்காரர் மேல்விஷாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். எழுபதை நெருங்கும் பெரியவர். நாங்கள் அவரைப் பாய் என்றே கூப்பிட்டோம். நம் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் அவர் பேச்சே மாறிவிட்டது. துப்பாக்கியை மடக்கித் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "தம்பி, இது மூடும்போது முறுக்குது பாத்தியா? இந்த மாதிரி பழைய துப்பாக்கி சும்மா தொட்டாலே வந்து உக்காரணும்" என்றார். பிறகு ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, குழல்களின் அடித்தட்டை அதன் புகையில் லேசாகக் காட்டிக் கரி படிய வைத்து, குழலைப் பொருத்தி ஒருமுறை மூடித் திறந்து காட்டினார். கரி அழிந்திருந்த இடங்கள் எல்லாம் பூச்சு ஏறிய இடங்கள். உடலும் குழலும் ஒன்றோடொன்று உரசிப் பொருந்த வேண்டிய பரப்புகளில்கூடப் பூச்சை அடித்துவிட்டிருக்கிறார்கள். கையால் அரம் போட்டு முடியளவு இடைவெளி இல்லாமல் பொருத்திய இணைப்பு அது. அங்கே 25 மைக்ரானுக்குக்கூட இடம் கிடையாது.

பூச்சின் கனத்தை அளக்க நான் கொண்டுபோயிருந்த மைக்ரான் மீட்டரை, குழலுக்குக் கீழே கை பிடிக்கும் மரமான முன்கட்டைக்கு அடியில் பூச்சு படாமல் இருந்த வெற்றுக் குழலின் வளைவில் வைத்துச் சுழியமாக்கிக்கொண்டு மற்ற இடங்களை அளந்தேன். குழலின் பக்கவாட்டில் 40, மேல்பட்டை ஓரத்தில் 70, ஒரு மூலையில் 85. முதல் பூச்சில் மறையாததை மறைக்க மேலும் மேலும் அடித்திருக்கிறார்கள். என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். அடியில் செய்யாத வேலையை மேலே பூச்சின் கனத்தால் ஈடுகட்டப் பார்ப்பது எந்தப் பொருளிலும் நிலைத்ததில்லை.

உரிக்க வழி இரண்டுதான். செராமிக் பூச்சை மணல் வீசி எடுப்பதே உலக வழக்கம். தனி இரும்புப் பாகம் என்றால் நானும் அதையே சொல்வேன். கண்ணாடி மணி வீசக்கூடாது, அது பரப்பைத் தட்டி மழமழப்பாக்கிவிடும்; கூர்முனை உள்ள 100 எண் அலுமினியம் ஆக்சைடோ, நம் தென்கோடிக் கடற்கரையில் கிடைக்கும் கார்னெட் மணலோ வேண்டும். ஆனால் இங்கே தேய்ந்துபோன எண்களும் முத்திரைகளும் இருந்தன. குழலின் சுவரும் முனைப்பக்கம் மிகவும் மெலிந்தது. பாய் தலையை அசைத்து மறுத்துவிட்டார். மருந்து போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார்.

அசிட்டோனில் இரவெல்லாம் ஊறப் போட்டாலும், இறுகிய செராமிக் பூச்சு அசையாது. டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் கலந்த பெயிண்ட் ரிமூவர் அதன் வலைக்குள் நுழைந்து, பிசினை ஊதவைத்து, இரும்பிலிருந்து பிரித்துத் தூக்கும். அதுவோ ஏறக்குறைய 40 டிகிரியில் கொதிக்கும் திரவம். நாங்கள் போனது கத்திரி வெயிலில். வேலூரில் அந்த நாட்களில் நிழலிலேயே 40ஐத் தாண்டும், சென்னையும் குறைந்ததல்ல. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். மூச்சில் போனால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய இடங்களில் அதை வைத்து வேலை செய்தவர்கள் செத்துப்போன சம்பவங்களுக்குப் பிறகு, அமெரிக்கா 2024இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்தது. சாதாரண நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் அது ஊடுருவிவிடும். இதைப் படித்துவிட்டு வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்க்க யாரும் துணியக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பாய் ஒரே வார்த்தையில் முடித்தார்: "கத்திரி போவட்டும், ஐப்பசில வாங்க." அந்த ஐப்பசியில் அண்ணனுக்கு அறுவை சிகிச்சை ஆயிற்று, ஆக, 2023 ஐப்பசியில்தான் போக முடிந்தது.

அன்று பட்டறையின் பின்புறத்துத் திறந்த கொட்டகையில், இரண்டு மின்விசிறிகள் வெளிப்பக்கம் பார்த்து ஓட, மரக்கட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குழலின் இரு முனைகளையும் தக்கை கொண்டு அடைத்தார். கூழாக இருந்த மருந்தைத் தடிமனாகத் தடவி, அது பறந்துவிடாமல் மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தினார். இருபது நிமிடம் கழித்துத் தாளைத் தூக்கியபோது, ஆறிய பாலின் மேல் ஆடை சுருங்குவதுபோல் பூச்சு மொத்தமும் சுருங்கி நின்றது. கனமாக அடித்திருந்த இடங்கள் முதலில் விட்டன. மெல்லியதாகவும் ஒழுங்காகவும் ஒட்டியிருந்த இடங்கள் மூன்று தடவை போட்ட பிறகும் மனமில்லாமல்தான் விட்டன. இரும்புச் சுரண்டி எதையும் அவர் தொடவில்லை. மூங்கில் சிம்பை உளிபோலச் சீவிக்கொண்டு அதனாலேயே வழித்தெடுத்தார். எழுத்துகள் இருக்கும் இடத்தை மட்டும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார்.

அடித்தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பர்மிங்காம் சோதனைச் சாலையின் கிரீட முத்திரைகளுக்குப் பக்கத்தில் 2½ என்ற எண் தெரிந்தது. தோட்டா உட்காரும் அறையின் நீளம் அது, அங்குலத்தில். இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை 70 மில்லிமீட்டர், அதாவது இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாக்கள். அவை இந்த அறைக்குள் தாராளமாக நுழையும். சுடும்போதுதான் தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் குழலின் கழுத்தில் நெருக்கி, அழுத்தம் ஏறும். தாத்தாவுக்கு அது தெரிந்திருந்தது. அவர் தேடித் தேடிக் குட்டைத் தோட்டாவே வாங்குவார். அந்த எண் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளாகப் பூச்சுக்குள் புதைந்திருந்த காலத்தில், அண்ணன் புதுத் தோட்டா ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார். நல்லவேளையாக ஒன்றைக்கூடச் சுடவில்லை. இரண்டரை என்பது என் தொழிலில் நாள்தோறும் வாயில் வரும் எண். மணல் வீசிய இரும்பின் சுத்தத்தை எஸ்ஏ இரண்டரை என்றுதான் அளவு சொல்வோம். அந்த எண்ணைப் பார்த்து என் உடம்பு சில்லிட்டது அன்று ஒருநாள்தான்.

கொப்புளத்தின் காரணமும் அன்றே பிடிபட்டது. இரட்டைக்குழல் துப்பாக்கியில் குழல்களோடு மேல், கீழ்ப் பட்டைகளைப் பெரும்பாலும் ஈயப்பற்றால்தான் இணைத்திருப்பார்கள். பட்டைக்கு அடியில் நீளமாக ஒரு வெற்றிடம் உண்டு. ஈயம் விட்டுப்போன நுண்ணிய துளைகள் வழியாக அறுபது, எழுபது ஆண்டு எண்ணெய் அதற்குள் இறங்கியிருக்கும். பூச்சு அடிப்பதற்கு முன் பாகத்தை அசிட்டோனில் ஊறவைத்த பின், பூச்சு இறுகும் சூட்டைவிட அதிகமான சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, ஒளிந்திருக்கும் எண்ணெய் வெளியே வருகிறதா என்று பார்த்து, வந்தால் மறுபடி கழுவிச் சுட்டு, வராமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் அடித்தால், இறுக்கும் சூட்டிலேயே எண்ணெய் இளகி வந்து பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும். பாய் குழலை வெந்நீர் ஆவியில் சற்று நேரம் காட்டியதற்கே, பட்டை ஓரத்தில் வரிசையாகப் பழுப்பு முத்துகள் அரும்பின. கொப்புளங்கள் இருந்த அதே இடங்கள் அவை.

மறுபடி செராமிக்கே அடிக்கலாமா என்று அன்று மதியம் முழுவதும் பேசினோம். ஈயப்பற்று இளகுவது 183 டிகிரிக்கு அருகில். 121 டிகிரிச் சூட்டை அது தாங்கும். முறையாகச் செய்தால் செராமிக் நிற்கும் என்பதே என் எண்ணம். ஆனால் குழலுக்கு அது வேண்டாம் என்ற முடிவுக்கு நானே வந்தேன். முத்திரைகளை மூடிவிட்டுத் தப்பவிட்டு அடித்தால் குழல் திட்டுத் திட்டாகத் தெரியும். பிடிமானத்துக்கு மணல் வீசியே ஆக வேண்டும். பட்டைக்குள் இருக்கும் எண்ணெய் முழுவதும் வந்துவிட்டது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. காரக் கரைசலில் கொதிக்கவைத்துக் கறுப்பாக்கும் முறையோ ஈயப்பற்றையே அரித்துவிடும். மிஞ்சியது, அந்தத் துப்பாக்கி பிறந்தபோது செய்த பழைய முறை: துருவைக் கொண்டே துருவைத் தடுப்பது.

எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவிய குழலில், துருவேற்றும் கரைசலைப் பஞ்சால் ஒரே இழுப்பாகத் தடவி ஈரப்பதமான பெட்டியில் தொங்கவிட்டால், சில மணி நேரத்தில் மெல்லிய செந்துரு சீராகப் பூக்கும். அதைச் சுத்தமான தண்ணீரில் கொதிக்கவைத்தால் அந்தச் செந்துரு கண்ணெதிரே வெல்வெட் போன்ற கருந்துருவாக மாறும். மேலே உதிரியாக நிற்பதை நுண்ணிய எஃகுப் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் குழலுக்கு எட்டு முறை ஆயிற்று. நாளைக்கு இரண்டு முறைதான் முடியும். தண்ணீர் விஷயத்தில் பாய் பிடிவாதமாக இருந்தார். போர்வெல் தண்ணீரின் உப்பு கறைபடுத்தும் என்று, பேட்டரிக் கடையில் வாங்கிய வடித்த நீரை மட்டுமே நீண்ட தொட்டியில் ஊற்றிக் கொதிக்கவைத்தார். முதல் கொதியில் சாம்பல், மூன்றாவதில் கருஞ்சாம்பல், ஆறாவதில் நாவற்பழத்தோல் நிறம். எட்டாவது முறை எண்ணெய் பட்டதும் வந்த கறுப்பு, தாத்தா துடைத்து வைத்திருந்த அதே கறுப்பு. துரு தின்ற சிறு குழிகள் அப்படியே தெரிகின்றன. அவற்றை அரம் போட்டு எடுக்க வேண்டாம் என்று அண்ணனே சொல்லிவிட்டார். குழலின் கனத்தில் கை வைக்க அவருக்கு மனமில்லை.

விசைக் காப்பை மட்டும் செராமிக்கிலேயே திரும்பச் செய்தோம். கைவியர்வை அதிகம் படும் இடம் அது. ஈயப்பற்றோ முத்திரையோ இல்லாத தனிப் பாகம். என்னிடம் அனுமதி கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, நான் சொன்ன அளவுப்படியே பாய் மணல் வீசி, சுட்டு, கழுவி, ஒரே பூச்சாக அடித்து இறுக்கினார். மீட்டரில் 24 காட்டியது.

2024ஆம் ஆண்டு மார்ச்சில் மறுபடி தேர்தல் அறிவிப்பு வந்தது. இம்முறை அண்ணன் தோலுறையைத் தொடவில்லை. எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியில் சுற்றி, துணிப்பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, மேலே ஓர் அட்டையில் அறையின் நீளம் 2½ அங்குலம் என்று பெரிதாகத் தமிழில் எழுதிக் கட்டி ஒப்படைத்தார். ஜூன் மாதம் வாங்கி வந்து திண்ணையில் வைத்துப் பிரித்தோம். மேல்பட்டை ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் அரும்பி நின்றது. அண்ணன் அதை விரலால் எடுத்து, குழல் நெடுகத் தடவிவிட்டார்.